பட்டயம் அரசு தரும். உயிரை நாம்தான் தரவேண்டும்

(அறநிலையத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'விடுதலை பெற்ற நாடுகளும் பண்பாட்டுக் கொள்கையும்' என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். கோயில் விழாவில் தேவாரம் பற்றியோ திருவிளையாடல் பற்றியோ பேசாமல் கொள்கை பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பள்ளியில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நம் கோயிலின் கணக்குப் புத்தகம், கோபுரத்தின் உயரம், தைப்பூச ஊர்வலம் செல்லும் வீதி, அர்ச்சகர் இந்நாட்டில் தங்குவதற்கான அனுமதிச் சீட்டு ஆகிய அனைத்தையும் ஏதோ ஓர் அரசுக் கொள்கை தொட்டுக்கொண்டே இருக்கிறது. அதை அறியாமல் நாம் கொடை கொடுத்தால், கொடுத்த பணம் சேரவேண்டிய இடத்தில் சேராமல் போகலாம். ஆகவே இது உபயதாரர்களுக்கு உரிய பேச்சுதான்.

ஆற்றங்கரைச் சிலைகள்

அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்ட எந்த நாட்டுக்கும் முதலில் வரும் கேள்வி, பழைய ஆட்சியாளரின் சிலைகளை என்ன செய்வது என்பதுதான். இந்தியாவில், தில்லியின் இந்தியா கேட் அருகே கல்மண்டபத்தின் கீழ் நின்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலையை 1968-ஆம் ஆண்டில் அகற்றினார்கள். அந்த மண்டபம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வெறுமையாகவே நின்றது. 2022-ஆம் ஆண்டில்தான் அங்கே நேதாஜி சுபாஷ் சந்திர போசின் சிலை எழுந்தது. ஒருவரை இறக்க ஒரு நாள் போதும். அந்த இடத்தில் யாரை ஏற்றுவது என்று முடிவு செய்ய அரை நூற்றாண்டு ஆயிற்று.

சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. 1960-ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு நிறுவனக் குழுவின் தலைவராக இங்கு வந்த டச்சுப் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ், ராபிள்ஸ் சிலையை அகற்ற வேண்டாம் என்று அறிவுரை கூறினார். சிலை நின்றால் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அஞ்சாமல் வருவார்கள் என்பது அவர் கணக்கு. அரசு அதை ஏற்றது. அதாவது, பண்பாடு பற்றிய அந்த முடிவு பொருளாதாரக் காரணத்துக்காக எடுக்கப்பட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அரசு எடுக்கும் பண்பாட்டு முடிவுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் பண்பாடு அல்லாத ஒரு காரணம் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராபிள்ஸ் வந்து 200 ஆண்டு நிறைந்த 2019-இல், அந்தச் சிலைக்குப் பக்கத்தில் மேலும் நான்கு சிலைகளைச் சிறிது காலத்துக்கு நிறுத்தினார்கள். சாங் நீல உத்தமர், தான் தோக் செங், முன்ஷி அப்துல்லா ஆகியோருடன் நான்காமவராக நின்றவர் நம் நாராயண பிள்ளை! 1819 மே மாதம் ராபிள்சின் இரண்டாவது பயணத்தில் பினாங்கிலிருந்து வந்தவர். செங்கல் சூளை வைத்தவர். மாரியம்மனுக்கு முதலில் தெலுக் ஆயர் பகுதியில் இடம் கிடைத்தது. வழிபாட்டுக்கு நன்னீர் இல்லாததால் அது பயன்படவில்லை. பின்னர் வேறோர் இடம் கிடைத்தது. அது நகரத் திட்டத்துக்குப் பொருந்தவில்லை. இறுதியில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் பெற்று, 1827-இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஒரு கோயிலை எழுப்பினார்.

அன்பர்களே, ஆற்றங்கரையில் அவருக்கு வைத்த சிலை போய்விட்டது. அவர் ஓலையால் வேய்ந்த கோயிலோ இன்று கல்லும் சுதையுமாக நிற்கிறது, விளக்கு எரிகிறது. ஏன்? சிலையை நிறுத்தியது ஒரு கொண்டாட்டக் குழு. கோயிலை நிறுத்தியது தலைமுறை தலைமுறையாக அங்கே வந்த மக்கள்.

கைமாறிய கருவி

இனி நமக்கு மிக நெருங்கிய ஒரு செய்திக்கு வருகிறேன். அறநிலையச் சட்டம் என்பது யார் கண்டுபிடித்தது? சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1817-இல் கொண்டுவந்த ஏழாம் ஒழுங்குவிதி, கோயில் அறக்கட்டளைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. கலெக்டர் துரை கோயில் கணக்குப் பார்த்தார். கிறிஸ்தவ அரசு இந்துக் கோயிலைப் பார்த்துக்கொள்வதா என்று பாதிரிமார்கள் எதிர்த்தார்கள். பிறகு கம்பெனி மெல்லக் கையை விலக்கியது; 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கோயில்கள் உள்ளூர்க் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன.

அந்த அனுபவம் கடல் கடந்தும் வந்தது. நீரிணைக் குடியேற்ற அரசு 1905-இல் முகம்மதிய, இந்து அறக்கட்டளைகளுக்கான சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாரியங்கள் அமைந்தன. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் ஒரே வாரியம்; அதன் உறுப்பினர்களை நியமித்தது அரசு. தெய்வத்துக்கு எழுதி வைத்த சொத்து சீரழியாமல் காப்பது அதன் நோக்கம் என்பது உண்மை. ஆனால் அந்நியர் ஆட்சியில் எந்தச் சமூகம் எங்கே கூடுகிறது, யார் தலைவர், எவ்வளவு பணம் என்று அறிந்து வைத்திருப்பதும் ஆட்சியின் ஒரு பகுதிதான்.

விடுதலைக்குப் பிறகு இந்தக் கருவியைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. இந்தியாவில் 1951-ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் அதை ஓர் அரசுத் துறையாகவே வளர்த்தன. சிங்கப்பூரில் முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் 1966-இல் வந்தது. 1968-இல் இந்து அறக்கட்டளைச் சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு தனி வாரியம் உருவாகியது. ஸ்ரீ மாரியம்மன், ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள், ஸ்ரீ சிவன், ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆகிய நான்கு கோயில்கள் அதன் நிர்வாகத்தில் உள்ளன. பினாங்கிலும் இந்து அறப்பணி வாரியம் இன்றுவரை இயங்கி வருகிறது. கருவியை வடித்தவன் வெள்ளையன். பிடி நம் கைக்கு வந்தது. கணக்கு தணிக்கையாகிறது, சொத்து பாதுகாப்பாக இருக்கிறது. இவை பெரிய நன்மைகள். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. சொத்தைக் காப்பதற்காகப் பிறந்த கருவிக்குச் சொத்துதான் கண்ணுக்குத் தெரியும். நிலம், கட்டடம், உண்டியல், நகை ஆகியவை கணக்கில் வரும். ஓதுவாரின் குரலை எந்தப் பத்தியில் வரவு வைப்பது?

அண்டை நாடுகள் எடுத்த வழிகள்

மலேசியாவில் 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. மூன்று கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. தேசியப் பண்பாடு இவ்வட்டாரத்துப் பூர்வ மக்களின் பண்பாட்டை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். பிற பண்பாடுகளின் பொருத்தமான கூறுகளை ஏற்கலாம். இஸ்லாம் அதில் முக்கியக் கூறு. 'பொருத்தமான கூறு' எது என்று முடிவு செய்வது யார் என்ற கேள்வியை மற்ற சமூகத்தார் எழுப்பினார்கள். சீன அமைப்புகள் 1983-லும், இந்திய அமைப்புகள் 1984-லும் கூட்டு மகஜர்களைச் சமர்ப்பித்தன. மறுபடியும் 2021-இல் ஒரு தேசியப் பண்பாட்டுக் கொள்கை வெளியிடப்பட்டது. ஐம்பது ஆண்டு ஆகியும் பேச்சு முடியவில்லை என்பதையே இது காட்டுகிறது.

இந்தோனேசியாவின் பாலித் தீவில் நடந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. புதிய குடியரசு, ஒரே இறைவன், வேத நூல் என்ற அளவுகோல்களைக் கொண்டே எதையும் சமயம் என்று ஏற்றது. பாலி மக்களின் வழிபாடு வெறும் ஊர் வழக்கம் என்று ஒதுக்கப்படும் நிலை வந்தது. அவர்கள் சளைக்கவில்லை. பரம்பொருளைச் சாங் ஹியாங் விதி என்ற பெயரால் முன்வைத்து, வேதத்தைச் சுட்டிக்காட்டி, 1958-இல் அரசின் ஏற்பைப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு தங்களுக்கென ஒரு சமயப் பேரவையும் கண்டார்கள். அரசின் அச்சுக்குள் அடங்கும்படி சமயத்தின் வெளி வடிவத்தை மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் வீட்டு வாசலில் பாலிப் பெண்கள் நாள்தோறும் வைக்கும் பூத்தட்டை எந்த ஆணையும் தொடங்கி வைக்கவில்லை. எந்த ஆணையாலும் அது நிற்கவுமில்லை.

மூன்று கட்டடங்கள் சொல்லும் பாடம்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சிங்கப்பூரில் நினைவுச்சின்னப் பாதுகாப்பு வாரியம் 1971-இல் ஏற்பட்டது. முதற்பட்டியலாக எட்டுக் கட்டடங்கள் 1973-இல் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. ஸ்ரீ மாரியம்மன் கோயில் அந்த எட்டில் ஒன்று. அதைத் தொடர்ந்து 1978-இல் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலும், 2014-இல் தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலும் அப்பெருமையைப் பெற்றன. நாடெங்கும் பழைய வீதிகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்த அந்நாளில், அரசின் பட்டயம் ஒரு கவசம். அதற்கு நாம் நன்றியுடையவர்கள்.

ஆனால் கவசம் வேறு, உடலில் ஓடும் உயிர் வேறு. மூன்று கட்டடங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, விக்டோரியா தெருவில் இருந்த கன்னியர் மடம். மடமும் பள்ளியும் 1983-இல் அவ்விடத்தை விட்டுப் பெயர்ந்தன. அதன் பிரார்த்தனைக் கூடம் 1990-இல் நினைவுச்சின்னமாயிற்று. இன்று அந்த வளாகம் உணவகங்களும் விருந்துகளும் நிறைந்த இடம். வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் அழகாகவே உள்ளன. கட்டடம் பிழைத்தது, வழிபாடு விடைபெற்றது.

இரண்டாவது, நம் சிவன் கோயில். ஆர்ச்சர்ட் சாலையில் டோபி காட் பகுதியில் இருந்தது. பெருவிரைவு ரயில் நிலையம் அமைக்க நிலம் தேவைப்பட்டது. 1983-இல் சிவபெருமான் சிராங்கூன் சாலையில், பெருமாள் கோயிலின் பக்கத்தில் தற்காலிகமாக எழுந்தருளினார். அங்கே பத்து ஆண்டுகள். 1993 மே மாதத்தில் கேலாங் ஈஸ்ட்டில் எண்கோண வடிவில் புதிய கோயில் எழுந்து குடமுழுக்குக் கண்டது. பழைய இடம் இல்லை, பழைய சுவர் இல்லை. ஆயினும் மகாசிவராத்திரி இரவில் அங்கே போய்ப் பாருங்கள்; கண் விழித்திருக்கும் கூட்டத்தில் ஒருவராவது இடம் மாறியதால் இறைவன் மாறிவிட்டான் என்று சொல்வாரா? கட்டடம் போயிற்று, வழிபாடு பிழைத்தது.

மூன்றாவது, மாரியம்மன் கோயில். கட்டடமும் பிழைத்தது, வழிபாடும் பிழைத்தது. 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள் சுதைச் சிற்பங்களைச் செப்பனிட்டார்கள். ஆயிரக்கணக்கான அடியார்கள் திரண்டார்கள்.

இம்மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கட்டடம் நிற்பதற்கும் வழிபாடு நிற்பதற்கும் வெவ்வேறு காரணங்கள் உண்டு. முதலாவதை அரசின் ஆணை காக்க முடியும். இரண்டாவதைக் காக்க எந்த ஆணைக்கும் ஆற்றல் இல்லை.

விடுமுறையும் வீதியும் மொழியும்

இந்த உண்மைக்கு மேலும் மூன்று சான்றுகள் தருகிறேன். தைப்பூசம் முன்பு சிங்கப்பூரில் பொது விடுமுறை. 1968-இல் விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசம் பட்டியலிலிருந்து நீங்கியது; இந்துக்களுக்குத் தீபாவளி நின்றது. மலேசியாவில் பல மாநிலங்களிலும், கடல் கடந்த மொரீஷியசிலும் தைப்பூசம் இன்றும் விடுமுறை நாள். இங்கே விடுமுறை போனதால் காவடி நின்றதா? அடியார்கள் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு சிராங்கூன் சாலையிலிருந்து தேங்க் ரோடு வரை நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்தது இசை. ஊர்வல வீதியில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்து வந்தது. பொது ஒழுங்கு அதன் காரணம். 2016 முதல் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. பொறுமையாகப் பேசிப் பெற்ற சலுகை அது. ஆனால் இங்கே ஒரு கசப்பான கேள்வி. அனுமதி கிடைத்த இடத்தில் நின்று வாசிக்க, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நாதசுர வித்துவான்கள் எத்தனை பேர்? தவில்காரர் எத்தனை பேர்? நம் கோயில்களில் ஒலிக்கும் மங்கல இசை பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அனுமதிச் சீட்டில் வரும் கலைஞர்களால் வருகிறது. அவர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். அவர்கள் இல்லாவிட்டால் நம் பூசை நேரங்கள் ஊமையாகிவிடும். 2020-இல் பெருந்தொற்று வந்து எல்லைகள் மூடப்பட்டபோது, நம் மரபு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை நாம் கண்டோம். மலேசியாவிலும் அர்ச்சகர்கள், சிற்பிகள், இசைக்கலைஞர்கள் ஆகியோருக்கான விசா பற்றிய பேச்சு மீண்டும் மீண்டும் எழுகிறது. வேறொரு நாட்டு வேலை அனுமதிக் கொள்கையில் ஒரு வரி மாறினால் நம் கோயிலில் நாதசுரம் நின்றுவிடும் என்றால், அந்த மரபு நம்முடையது என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது சான்று தமிழ். 1965-இல் சிங்கப்பூர் தனி நாடானபோது மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகளாகச் சட்டத்தில் ஏறின. தமிழுக்கு இத்தகைய இடம் தந்த நாடுகள் உலகில் மிகச் சில. பாராளுமன்றத்தில் தமிழ் உண்டு, பள்ளியில் தமிழ் உண்டு, வானொலியில் தமிழ் உண்டு. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில், வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3-இலிருந்து 48.3-க்கு உயர்ந்தது. சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சமையலறையில்தான் மொழி மாறிற்று. சமையலறைக்குள் அரசு வராது, வரவும் கூடாது.

உபயதாரர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பெரியோர்களே, அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? 'அரசிடமே கேட்கலாமே, கலைகளுக்கு மானியம் தருகிறார்களே' என்று சிலர் கேட்பீர்கள். மேடைக் கலைக்கு மானியம் உண்டு. நினைவுச்சின்னங்களைப் பழுதுபார்க்க 2008 முதல் ஒரு நிதியும் உண்டு. கிடைப்பதைப் பெறுவோம். ஆனால் பல சமயத்தார் வாழும் நாட்டில், பூசைக்கும் ஓதுதலுக்கும் அரசுப் பணத்தை எதிர்பார்ப்பது முறையன்று. மேலும், அரசுப் பணம் அரசின் நோக்கத்தோடு வரும். அந்த நோக்கம் ஒரு காலத்தில் இன நல்லிணக்கம். இன்னொரு காலத்தில் சுற்றுப்பயணத் துறை. தீமிதியை வேடிக்கை பார்க்க வருகிறவரை நாம் வரவேற்கலாம். ஆனால் தீமிதிப்பவர் அவருக்காக மிதிக்கவில்லை அல்லவா?

ஆகவே என் விண்ணப்பம் மூன்று.

ஒன்று: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்கிறோம். கோபுரத்துக்கு வண்ணம் தீட்டப் பொருள் தருகிறோம்; அதற்குக் கல்வெட்டில் பெயரும் கிடைக்கிறது. இனி ஒவ்வொரு திருப்பணி நிதியிலும் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்து, உள்ளூர்ப் பிள்ளைகள் நாதசுரமும் தவிலும் திருமுறை ஓதுதலும் கற்க உதவித்தொகையாகத் தாருங்கள். ஒரு மாணவனுக்குக் குறைந்தது ஐந்தாறு ஆண்டு தாங்கல் வேண்டும். கற்றபின் அவனுக்கு மரியாதையான சம்பளமும் வேண்டும். பிழைக்க வழியில்லாத கலையைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடு என்று எந்தத் தாயிடமும் கேட்க நமக்கு உரிமையில்லை.

இரண்டு: கோயில் வகுப்புகளில் பிள்ளைகள் பதிகத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் வழக்கம் பெருகி வருகிறது. பாடுவது நல்லதே, அதோடு நில்லாமல் தமிழ் எழுத்தைக் காட்டுங்கள், பொருளைச் சொல்லுங்கள். பொருள் தெரிந்து பாடிய பாட்டுதான் முதுமைவரை துணைக்கு வரும்.

மூன்று: நம் அறநிலையங்களின் பழைய கூட்டக் குறிப்புகள், உபயப் பட்டியல்கள், புகைப்படங்கள் ஆகியவற்றைக் கரையானுக்கு விடாதீர்கள். யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தொழில் செய்தார், எதற்காக இந்த விளக்கை எழுதி வைத்தார் என்பது நம் பேரப்பிள்ளைகளின் வரலாறு. அந்நியர் எழுதிய ஆவணங்களில் நாம் கூலி, குமாஸ்தா என்ற எண்ணிக்கைகள். நம் ஏடுகளில்தான் நமக்குப் பெயர் உண்டு. முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வையுங்கள்.

அந்நிய ஆட்சி நமக்குச் சட்டம் தந்தது. விடுதலை பெற்ற அரசு நமக்குப் பட்டயம் தந்தது, மொழிக்கு இடம் தந்தது, நிம்மதியாக வழிபடும் அமைதியும் தந்தது. இவற்றைப் பெற்றுக்கொண்ட நாம் சும்மா இருந்துவிட்டால், நாளை நம் கோயில்கள் மிக அழகான, மிகத் தூய்மையான, வாயிலில் விளக்கப் பலகை வைத்த காட்சிக்கூடங்களாக நிற்கும். அப்படி ஆகாமல் காக்கும் அதிகாரம் எந்த அமைச்சிடமும் இல்லை. அது உங்கள் கொடையிலும் உங்கள் வீட்டுப் பிள்ளையின் நாவிலும் இருக்கிறது.

இந்த ஆண்டு உபயச் சீட்டு எழுதும்போது கல்லுக்கு ஒரு பங்கும் கலைஞனுக்கு ஒரு பங்கும் என்று எழுதுங்கள். எல்லாம் வல்ல இறைவன் உங்களுக்கும் உங்கள் குடும்பத்தார்க்கும் எல்லா நலமும் அருள்வானாக!